வாய் தெறக்காத படகு

ஏரிக்கரைல ரெண்டு குட்டி அலுமினியப் படகு விலைக்கு நின்னுச்சு. ஒரே தகடு, ஒரே நீளம். ஒண்ணு பேரு துடுக்கி, இன்னொண்ணு அமுக்கி. இன்னிக்காவது தண்ணில எறங்கிடணும்னு துடுக்கிக்கு ஒடம்பெல்லாம் பரபரன்னு இருந்துச்சு.

குடும்பத்தோட ஜாலியா சுத்தப் படகு வேணும்னு ஆட்டுக் குடும்பம் ஒண்ணு வந்துச்சு. அப்பா ஆடு துடுக்கியக் கொம்பால தட்டிப் பாத்துச்சு. அமுக்கியத் தட்டிப் பாத்துச்சு. திரும்பவும் துடுக்கியத் தட்டுச்சு.

"இதுலதான் சத்தம் கணீர்னு இருக்கோ?"

"அதுல எடம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கற மாதிரி இல்ல?"ன்னுச்சு அம்மா ஆடு.

குட்டிங்க கட்டுச்சோத்து மூட்டையோட குதிச்சுக்கிட்டே நின்னுச்சுங்க. வெயில் ஏறிடுச்சு. துடுக்கிக்குப் பொறுக்கல.

"யோவ் கெடா, என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்க? எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாது. கண்ண மூடிக்கிட்டு ஒண்ணுல ஏறு. புள்ளைங்க சோறு ஊசிப் போகுது பாரு."

அப்பா ஆடு தாடியத் தடவுச்சு. "நியாயமாத்தான் பேசுது. வித்தியாசமே இல்ல."

"இருக்குங்க. இந்தப் படகு இன்னும் வாயே தெறக்கல பாருங்க"ன்னு அம்மா ஆடு அமுக்கியக் காட்டுச்சு.

குட்டிங்க கூச்சல் போட்டுக்கிட்டே அமுக்கில தாவி ஏறுச்சுங்க. அது நடு ஏரிக்குப் போற வரைக்கும் துடுக்கி கரையில நின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு: "நான் சொன்னதுல என்ன தப்பு? ஒருத்தராவது சொல்லிட்டுப் போங்க பாப்போம்."