வடமேற்கு காட்டும் மீன்

காபி வாசனை மூக்கில் ஏறியதும் ரக்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஐயோ, இப்படித் தூங்கிவிட்டாளே! பக்கத்துப் படுக்கை காலி. கணவர் ஹால்வர் கீழே போய்விட்டார். இந்நேரம் மீனைப் பார்த்திருப்பார்.

நாற்பது வருஷமாகச் சமையலறை உத்தரத்தில் ஒற்றைக் கம்பளி நூலில் தொங்குகிறது அந்தக் காய்ந்த காட் மீன். நெற்றியில் கிரீடம் வைத்தாற்போல ஒரு புடைப்பு. ஆயிரத்தில் ஒன்று அப்படி அகப்படும். அதன் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அங்கிருந்துதான் காற்று வரும். வடமேற்கு என்றால் புயல்; கடல் எவ்வளவு சாதுவாகக் கிடந்தாலும் ஹால்வர் படகை அவிழ்க்க மாட்டார்.

சுற்றுலாக் கப்பலில் வந்திறங்குகிறவர்கள்கூட அதைப் படம் பிடிக்க வாசலில் வரிசை கட்டுவார்கள். இது பொய்யே சொல்லாதா என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள்.

"மீன் எதுக்கும்மா பொய் சொல்லப்போகுது? அதெல்லாம் மனுசங்க வேலை."

ஹால்வர் அப்படிச் சொன்னதும் ரக்னா அடுப்பைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

போன மாதம் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த மனிதர். தனியாகக் கடலுக்குப் போகவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்பது? டாக்டர் பேச்சைக் கேட்காதவர் மீன் பேச்சைக் கேட்பார். அதனால் பத்து நாளாக, அவர் விழிக்கும் முன்பே இறங்கிப் போய், துடைப்பக் கட்டையால் மீனை வடமேற்கே தள்ளி வைக்கிறாள்.

அரை மணியில் அது தானாகப் பழைய பக்கம் திரும்பிவிடும். ஆனால் நாலு நாளாகத் திரும்பவில்லை. மத்தியானம் கடைக்குப் போய் வந்து பார்த்தாலும் வடமேற்கேதான். நூல் முறுக்கிக்கொண்டதா? மெய்யாகவே புயல் வருகிறதா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். புயலையும் காணோம்.

இன்றைக்கு அவள் திருப்பவில்லை. கிளம்பியிருப்பார், பாவி மனுஷர். வெறுங்காலோடு தடதடவென்று படியிறங்கினாள்.

ஹால்வர் மேசையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லா தூங்குன போ, கிழவி. இன்னைக்கும் வடமேற்குதான். நான் கடலுக்குப் போன மாதிரிதான்!"

நிமிர்ந்து பார்த்தாள். வடமேற்கேதான். எப்படி?

ஜன்னலுக்கு வெளியே கடலில் ஓர் அலை இல்லை. பக்கத்து வீட்டுப் புகை நேராக மேலே போனது. துறையில் அவர்கள் படகு மட்டும்தான் நின்றது.

மீன் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கதவுக்குப் பின்னால் இருக்கவேண்டிய துடைப்பம் அவருடைய நாற்காலியில் சாய்ந்திருந்தது.

அப்படியானால் நாலு நாளாக இவர்தானா! பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரே, இந்த மனுஷர்.

"ஆமா, பொல்லாத காத்து," என்றாள்.

துடைப்பத்தை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, காபி குடிக்க உட்கார்ந்தாள்.