டஃபிக்கு உடம்பு சரியில்லை

“பொண்டாட்டி படுத்த படுக்கையா கிடக்கா. இந்த மனுஷன் நாயைத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்திருக்கார்.”

மடியில் பூனைக் கூடையோடு இருந்த பியூலா என்னிடம் சொன்னாள். அவர் காதில் விழட்டும் என்றேதான் சொன்னாள்.

எதிர் பெஞ்சில் லூசியன். மான் வேட்டைக் காலம்; யாரும் மான் என்று தவறிச் சுட்டுவிடக் கூடாதே என்று அவருக்கும் ஆரஞ்சு அங்கி, மடியிலிருந்த டஃபிக்கும் ஆரஞ்சு அங்கி. அவர் தலை நிமிரவில்லை.

இந்தக் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேஜை என்னுடையது. பியூலாவுக்கு வாய் நீளம்தான். ஆனாலும் அன்றைக்கு அவள் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

லூசியனின் மனைவி வெல்மாவைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. சர்ச்சின் சனிக்கிழமை விருந்துக்கு அவள் வெல்லப்பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸ் பயறு வந்தால்தான் பந்தி களைகட்டும். போன வருஷம் அவளுக்கு முழங்கால் வீங்கியது, தானே வடிந்தது. பிறகு முகம் ஒரு பக்கமாகத் தொங்கியது. குடிக்கிறாள் என்று கிளப்பிவிட்டதே பியூலாதான். அப்புறம் நெஞ்சு படபடப்பு. ஒரு சனிக்கிழமை, பீன்ஸில் வெல்லப்பாகுக்குப் பதில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அதோடு அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

மூட்டு டாக்டர் வயசு என்றார். இதய டாக்டர் கவலை என்றார். கடைசியாகப் பார்த்தவர், எல்லாம் மனசுதான் என்று தூக்க மாத்திரை கொடுத்தார். உண்ணி கடித்து வருகிற லைம் நோயாக இருக்குமோ என்று லூசியன் கேட்டிருக்கிறார். அது தெற்கே கடலோரத்து வியாதி, நம்ம மெய்ன் மாநிலக் காட்டுப்பக்கம் கிடையாது என்றாராம். உண்ணி கடித்த இடத்தில் வட்டமாகச் சிவந்த தடிப்பு பார்த்தீர்களா என்றாராம். பார்க்கவில்லை. வெல்மாவின் அத்தனை அடர்ந்த தலைமுடிக்குள் யார் தேடுவார்கள்?

“எங்க நாய்க்கே வந்துச்சே டாக்டர்.”

“அப்போ நாய் டாக்டர்கிட்டயே போங்க” என்று சிரித்தாராம் அந்தப் புண்ணியவான்.

டஃபிக்கு வந்தது நிஜம். வசந்தத்தில் நொண்டிக்கொண்டு வந்தது. எங்கள் டாக்டர் ஹாலிஸ் காலைப் பிடித்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், மாத்திரை கொடுத்தார். ஒரே வாரத்தில் முயல் துரத்தக் கிளம்பிவிட்டது.

அன்றைக்கு நாயைப் பிடித்துக்கொள்ள நானும் உள்ளே போனேன்.

“டஃபிக்கு என்ன பண்ணுது?” என்றார் டாக்டர்.

லூசியன் தரையைப் பார்த்தபடி சொன்னார். “முட்டி வீங்குது, வடியுது. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ராத்திரியெல்லாம் நெஞ்சு அடிச்சுக்குது.” டஃபியின் அங்கியை இழுத்துச் சரிசெய்தார். “உப்பு டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு, இதுக்கு என்ன பேருன்னு கேக்குது. நேத்து என்னையே யாருன்னு கேட்டுச்சு.”

டஃபி என் கையை நக்கிக்கொண்டிருந்தது. வால் ஒரு நிமிஷம் சும்மா இல்லை. 

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வெளியே தெரிந்தால் அவர் பிழைப்பே போய்விடும்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?”

“கேட்டேன். ஆறு மாசம் கழிச்சு, வசந்தத்துல வாங்கன்னு சொல்லிட்டாங்க.”

“ரொம்ப நாள் விட்டாச்சு லூசியன். வலி குறையலாம். மறந்ததெல்லாம் திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது.”

“தெரியும்.”

டாக்டர் பேனாவை எடுத்தார். “டஃபி என்ன எடை இருக்கும்?”

“நூத்தி இருபது பவுண்டு.”

அப்படியே எழுதிக்கொண்டார். லூசியன் ஒரு கையால் தூக்கி வந்த நாய், மேஜையிலிருந்து துள்ளிக் குதித்து வாசலுக்கு ஓடியது.

பின்னாலேயே வந்த லூசியனைப் பியூலா விடவில்லை.

“வீட்டுல ஒருத்தி கிடக்கறது ஞாபகமாவது இருக்கா?”

லூசியன் மாத்திரை டப்பாவை அங்கிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

“எனக்கு இருக்கு, பியூலா” என்றார்.