பின்சக்கரத்தில் ஒரு படி

இரண்டு வளையங்களையும் தரையில் அருகருகே வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று, என் காரின் முன் இடது சக்கரத்திலிருந்து அப்போதுதான் கழற்றியது. விளிம்பிலிருந்து உள்ளே வழவழவென்று ஒரே சரிவாக இறங்கும். அதில் இன்று காலை நடைபாதைக் கல் போட்ட கீறல், ஒரு சாண் நீளம்.

மற்றது புதியது. பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் சரிவின் பாதியில் ஒரு படி வைத்திருந்தது.

“ஒரே சரிவா இறங்குறது கைவசம் இல்லம்மா. தள்ளி நின்னு பார்த்தா வித்தியாசமே தெரியாது” என்றார் சக்கரக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் அவர் போல்ட்டு அண்ணன்.

“என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாதுண்ணே.”

அவர் சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

எங்கள் கார்ச் சக்கரம் ஒரே வார்ப்பு இல்லை. மூன்று துண்டுகளை போல்ட் போட்டு இணைத்தது. வெளிவளையம் அடிபட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வருடமாக என் பிழைப்பு ஓடுவதே அந்த வசதியில்தான்.

நான் வீடு திரும்பியதும் என் கணவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காரைச் சுற்றி வருவார். ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் சாவியை வாங்கி வைத்துவிடுவேன் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். பெண்களுக்கு ஸ்டியரிங் ஒத்துவராதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஓட்டும்போது ஒரு கோடு கூட விழுந்ததில்லையாம்.

நான் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை எழுப்பி நடக்க வைக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு வீடு. சாவி போனால் வேலையும் போகும். அதனால்தான் முன் இடது சக்கரத்துக்கு இது நான் திருட்டுத்தனமாக மாற்றும் மூன்றாவது வளையம். வெட்கமாகத்தான் இருந்தது.

மற்ற சக்கரங்களோடு ஒப்பிட்டால் அந்தப் படி எவ்வளவு துருத்திக்கொண்டு தெரியும் என்று பார்க்க, புது வளையத்தைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றினேன்.

முன் வலது சக்கரத்தின் பக்கத்தில் வைத்ததுமே காட்டிக்கொடுத்தது. பின் இடதிலும் அதே கதைதான்.

பின் வலதில் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டும் அச்சு அசலாக ஒன்று.

சக்கரத்துக்குள் விரலை விட்டுத் தடவினேன். பாதியில் படி தட்டுப்பட்டது.

இந்தச் சக்கரத்தை நான் தொட்டதே இல்லை.

நிமிர்ந்தேன். போல்ட்டு அண்ணன் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கும் இந்த மாடல்தான்மா இருந்துச்சு” என்றார் கடைசியில். “சார்தான் பரவால்ல மாட்டுங்க, அவ எங்க பின்னாடியெல்லாம் பாக்கப்போறான்னாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னும் சொன்னாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்குவதற்குள் கோபம் வந்தது. இரண்டு வருடம் இந்தக் கடை வாசலில் திருடி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

“அவரு கழட்டிப் போட்டது இருக்கா?”

“உள்ளதான் கிடக்கும்மா. மூணும் இருக்கு.”

மூன்று.

நான் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். மற்ற இரண்டு தடவையும் ஒரே சரிவாக இறங்குவது கடையில் இருந்திருக்கிறது. மனிதர் தப்பித்துவிட்டார்.

கையிலிருந்த புது வளையத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“இது வேணாம்ண்ணே. என்னோட பழசையே மாட்டிடுங்க. அவரோட மூணையும் கொண்டுவந்து, எது எந்தச் சக்கரத்துல இருந்துச்சோ அங்கேயே மாட்டுங்க.”

“ஐயோ, எதுக்கு மாட்டினேன்னு சார் என்னைப் பிடிச்சுக் கேப்பாரும்மா!”

“கேக்கட்டுமே. யாரு கீறினதை மாட்டினேன்னு சொல்லிக் கேப்பாரு?”

போல்ட்டு அண்ணன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு பின்சக்கரத்துக்குப் போனார்.