நாற்பத்தோரு கடிதங்கள்

"ஒரு கடுதாசிகூட வரலைங்கறானுங்களே! அப்ப நான் பொய் சொல்றேனா?"

மொரப்பூரில் டைப்ரைட்டிங் சொல்லித்தரும் ஞானராஜ், பெங்களூர் கம்பெனியின் பதிலை மேசைமேல் வீசினான்.

அந்தக் கம்பெனி தன் கம்ப்யூட்டர் புரோகிராம்களைப் பத்திரிகையில் வெளியிட்டு, தவறு கண்டால் யாரும் திருத்தி எழுதலாம் என்று அறிவித்திருந்தது. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காமலே, பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து, மூன்று வருடமாகத் திருத்தி அனுப்பியவன் ஞானராஜ். அதைச் சொல்லித்தான் அங்கே இன்ஜினீயர் வேலைக்கு மனுப் போட்டான். 'தங்கள் பெயரில் எந்தத் திருத்தமும் வந்ததில்லை' என்று கைவிரித்துவிட்டார்கள்.

"நாப்பத்தோரு கடுதாசி, மேரி! ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு நகல் வெச்சிருக்கேன்!"

"கத்தாதீங்க. அதே கம்பெனியில இருந்து இன்னொரு கவரும் வந்திருக்குது," என்றாள் மனைவி லூர்து மேரி. "இதுல எம் பேரு போட்டிருக்குதுங்க."

பிரித்துப் படித்தவன் தொப்பென்று உட்கார்ந்தான். மூன்று வருடத் திருத்தங்களை வானளாவப் புகழ்ந்து, திருமதி லூர்து மேரிக்கு இன்ஜினீயர் வேலை கொடுத்திருந்தார்கள்!

திருத்தம் தப்பாகிப்போனால் தன் மானம் போய்விடுமே என்று பயந்து, கதை எழுதுகிறவர்களைப் போல அவனும் கடிதங்களில் மனைவி பெயரைப் போட்டிருந்தான். மனு எழுதும்போது அதைச் சொல்ல மறந்தே போனான்.

விவரம் கேட்டு மேரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் போயி வேலையில சேந்துக்கறேன். நீங்க எப்பவும்போல வூட்டுல இருந்தே சும்மா திருத்தி அனுப்புங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே!"