ஈரத் துண்டுப் பேய்

"ஈரத் துண்டோட அலையுது ஒரு பேய்! இதையெல்லாம் படம்னு எடுத்து நம்ம உயிரை வாங்குறாங்க!"

பத்திரிகைக்காரர்களுக்கான காட்சி முடிந்து, தியேட்டர் வராந்தாவில் பொரிந்து தள்ளினார் தொப்பிக்கார விமர்சகர்.

தூணுக்குப் பின்னால் நின்று இயக்குநர் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். விமர்சகர்கள் நாலு நல்ல வார்த்தை சொன்னால்தான் படத்தை வாங்குவேன் என்று விநியோகஸ்தர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இந்தப் பேய் முழுக்க முழுக்க இயக்குநரின் சொந்தக் கற்பனை. ஆனால் வீட்டில் கதை சொன்னபோது மனைவி சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. "இந்தப் பேயை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றாள். காப்பியடித்தேன் என்கிறாளா? மனிதர் நொந்துபோனார். அந்தக் கோபத்தில்தான் இன்று அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, மூச்சு விடக்கூடாது என்று எச்சரித்திருந்தார்.

"சும்மா திட்டாதீங்க சார்," என்று குறுக்கே புகுந்தார் தாடிக்கார விமர்சகர். "செத்துப்போன புருஷன் இருட்டுல வந்து, சத்தமே இல்லாம ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுறான். பேய் வாயைத் திறக்கல. ஆனா நம்ம முதுகுக்குப் பின்னாலேர்ந்து ஒரு பொம்பளைச் சிரிப்பு! எனக்குச் சர்வநாடியும் ஒடுங்கிடுச்சு. அடுத்த நிமிஷம் பார்த்தா, நானும் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். என்ன மூளை சார் அந்த டைரக்டருக்கு!"

தொப்பிக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். "அந்தச் சிரிப்பை மட்டும் ஒத்துக்கிறேன். நானே சீட்டைவிட்டு எழுந்துட்டேன்."

எதிரே நின்ற விநியோகஸ்தர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இயக்குநருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் ஒலி அமைப்பாளரைக் கட்டிக்கொண்டார். "அந்தச் சிரிப்பை எப்படா சேர்த்தே? என்கிட்டகூடச் சொல்லலையே! நீ நல்லா இருக்கணும்டா!"

அவன் முகம் வெளிறிப்போனது. "நான் சேர்க்கலண்ணே. அந்த இடத்துல ஒரு சத்தமும் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நானே பயந்துபோய்தான் நிக்கிறேன்."

இயக்குநர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் ஈரமாக இருந்தது.

"கோச்சுக்காதீங்க, எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், முடியல," என்றாள். "ஏங்க, செத்த பிறகும் ஈரத் துண்டைக் கட்டில்லதான் போடுவீங்களா?"