ஏலத்துக்கு வந்த ஒற்றைக் கார்

ஒரு கம்பெனி மாதிரிக்கென்று ஒரே ஒரு சூப்பர் காரைச் செய்துவிட்டு, அதோடு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இருபது வருஷமாகச் சாலையையே பார்க்காத அந்தக் கார், ஒரு லாரியில் ஏறி ஏல மைதானத்துக்கு வந்தது. கடைசிவரை போட்டியில் நின்றவர்கள் இரண்டே பேர்: வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும் ஓர் அம்மாளும்.

"வெள்ளைச் சட்டைக்காரர் வாங்கினா உன்னைக் கண்ணாடி அறையில பூட்டி அழகு பார்ப்பார். அந்தம்மா வாங்கினா ஓட்டுவாங்க" என்றது லாரி.

காருக்கு ஓடத்தான் ஆசை. "நான் என்னண்ணே செய்யறது?"

"இன்ஜினைப் போடும்போது உன் குணத்தைக் காட்டு."

ஏலக்காரர் சாவியைத் திருப்பியதும் கார் அடிவயிற்றிலிருந்து உறுமியது. கரும்புகை போய் வெள்ளைச் சட்டையில் அப்பியது. அவர் உயர்த்திய கையை இறக்கிவிட்டார்.

அந்த அம்மாள் சாவியை வாங்கிய கையோடு காரைச் சாலையில் இறக்கினார். முதல் வேகத்தடையிலேயே அதன் அடிப்பாகம் நறுக்கென்று இடித்தது.

"வலிக்குதா?" என்றது பின்னால் வந்த லாரி.

"நல்லா வலிக்குதுண்ணே. அடுத்தது எங்கே இருக்கு?"