மூன்றாம் பிரிவு

நாடாளுமன்றத்துக்குப் போகும் மசோதாக்களை அச்சேற்றுமுன் பங்கஜவல்லி மூலத்தை உரக்கப் படிப்பாள். எதிரே லூர்துசாமி பென்சிலோடு மாதிரி அச்சான மெய்ப்பைச் சரிபார்ப்பார். கமாவைக்கூடக் கமா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. அர்த்தத்துக்குள் போய்விட்டால் பிழை தப்பிவிடும் என்பது அந்த அச்சகத்தின் நம்பிக்கை. பதினோரு வருஷமாக இருவரும் இப்படித்தான். அன்று விதை மசோதா முடிந்தது, துறைமுக மசோதா முடிந்தது, தேனீப் பெட்டிக்கு மானியம் தரும் மசோதாவும் முடிந்து டீ வந்தது. நாலாவது மசோதாவில் மூன்றாம் பிரிவு. “படுக்கையில் கிடக்கும் நோயாளியை வீட்டில் குளிப்பாட்டுகிற கமா உணவூட்டுகிற கமா புரட்டிப் படுக்கவைக்கிற ஒருவர் செய்வதும் வேலையே எனக் கொள்ளப்படும் புல்ஸ்டாப்.” அவள் படிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டாள். காலையில் கணவரை அப்படிப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத்தான் பஸ் பிடித்திருந்தாள். ஒன்பது வருஷமாகத் தினமும் அப்படித்தான். லூர்துசாமிக்கு அது தெரியும். இது சட்டமாகுமா, கிடப்பில் போட்டுவிடுவார்களா என்பதுதான் இருவருக்கும் தெரியாது. மெய்ப்பில் அந்த வரி சுத்தமாக இருந்தது. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “சரியாக் காதுல விழலம்மா. இன்னொரு தடவை படிங்க.” இத்தனை வருஷத்தில் எதையும் அவர் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியை முதலிலிருந்து நிதானமாகப் படித்தாள். இந்தத் தடவை கமா சொல்லவில்லை. அவர் மெய்ப்பைப் பார்க்கவுமில்லை.